பாதுகாப்பு பட்ஜெட் 6.81 லட்சம் கோடி: பணம் எங்கே போகிறது, பத்திரம் வெளியிட்டால் குறை தீருமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டது இப்படி. 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் விமானப்படையில் விமானம் போதவில்லை என்று செய்தி வருகிறது. ஜிடிபியில், அதாவது நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில், 3 சதவீதம் ஒதுக்கினால் சரியாகிவிடுமா? அரசு ‘பாதுகாப்புப் பத்திரம்’ என்று ஒன்றை வெளியிட்டால் மக்கள் வாங்க மாட்டார்களா? மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நமக்குக் குறைவது பணமா, வேறு ஏதாவதா?

நான் பாதுகாப்புக் கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பில்லைச் சரிபார்த்துப் பணம் விடுவிப்பது, எந்தத் தலைப்பில் எவ்வளவு மிச்சம் என்று மாதாமாதம் பார்ப்பது, இவைதான் என் பிழைப்பாக இருந்தன. எந்த விமானம் நல்லது, எல்லையில் எத்தனை படை நிற்க வேண்டும் என்பதெல்லாம் சீருடை போட்டவர்கள் பேச வேண்டிய விஷயம். பணம் எந்த வழியாகப் போகிறது, எங்கே தங்குகிறது என்று மட்டும் என்னால் சொல்ல முடியும். சுருக்கமாகச் சொன்னால், பணம் குறைவு என்பது பாதி உண்மை. கையில் எடுத்துப் புதிதாகச் செலவு செய்யக்கூடிய பணம்தான் குறைவு. அதுவும் அடுத்த பத்து வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று யாருக்கும் உறுதி கிடையாது. இந்த இரண்டும் தீராமல் மொத்தத் தொகையை மட்டும் ஏற்றினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத கணக்கு. பாதுகாப்பு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் நான்கு மானியக் கோரிக்கைகளை, அதாவது செலவுக்கு ஒப்புதல் கேட்கும் பட்டியல்களை, வைக்கிறது. 2025-26-ல் நான்கும் சேர்ந்து 6,81,210 கோடி. அதில் படைகளின் வருவாய்ச் செலவு (சம்பளம், எரிபொருள் போன்ற அன்றாடச் செலவு) 3,11,732 கோடி, மூலதனச் செலவு (ஆயுதம், கட்டுமானம் போன்றவை) 1,80,000 கோடி, பென்ஷன் 1,60,795 கோடி. கடலோரக் காவல்படை, எல்லைச் சாலைகள் அமைப்பு போன்றவை அடங்கிய சிவில் பகுதிக்கு 28,682 கோடி. வருவாய்ச் செலவு என்ற தலைப்புக்குள்ளேயே சம்பளமும் படிகளும் மட்டும் சுமார் 1.97 லட்சம் கோடி. அதையும் பென்ஷனையும் கூட்டிப் பாருங்கள், 3.58 லட்சம் கோடி வருகிறது. நூறு ரூபாயில் 52 ரூபாய்க்கு மேல் மனிதர்களுக்குப் போகிறது. சியாச்சினில் நிற்பவருக்குச் சம்பளத்தையும், முப்பத்தைந்து வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்குப் பென்ஷனையும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. இதை வீண் செலவு என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஆயுதம் வாங்கும் பேச்சு வரும்போது இந்தப் பணத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

மிச்சமிருக்கும் மூலதனச் செலவான 1.8 லட்சம் கோடிக்கு வருவோம். இதில் படைகளை நவீனப்படுத்தும் கொள்முதலுக்கு என்று சொல்லப்படுவது 1,48,722 கோடி. மற்றது நிலம், கட்டுமானம், ஆராய்ச்சி என்று பிரிந்துபோகிறது. அந்த 1.48 லட்சம் கோடியிலும் பெரும்பகுதி ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கான தவணை. வீட்டுக்கடன் வாங்கியவர் சம்பளம் வந்ததும் முதலில் இஎம்ஐயை எடுத்துவைப்பது போலத்தான் இது. 2025 ஏப்ரலில் கடற்படைக்கு 26 ரஃபேல் விமானங்கள் வாங்க பிரான்ஸோடு ஒப்பந்தம் ஆனது, சுமார் 63,000 கோடி. அதே ஆண்டு செப்டம்பரில் உள்நாட்டில் செய்யும் 97 தேஜஸ் மார்க் 1ஏ போர் விமானங்களுக்கு பொதுத்துறை நிறுவனமான எச்ஏஎல்லோடு ஒப்பந்தம், 62,370 கோடி. இரண்டும் சேர்ந்து 1.25 லட்சம் கோடி. இது ஒரே வருடத்தில் கொடுக்கும் பணம் இல்லை. கையெழுத்தானதும் முன்பணம், பிறகு வேலை ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் ஒரு தவணை, விமானம் வந்து சேர்ந்ததும் ஒரு தவணை என்று பல வருடத்துக்கு நீளும். அதனால் ஒரு நிதியமைச்சர் பாதுகாப்பு மூலதனத்தை 10 சதவீதம் ஏற்றினேன் என்று சொன்னால், அந்தப் 10 சதவீதத்தில் புதிய ஒப்பந்தத்துக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் உண்மையான கேள்வி. சில வருடங்களில் ஏற்றம் முழுவதையும் பழைய தவணைகளே சாப்பிட்டுவிடும்.

டாலர் விலையும் இங்கேதான் கடிக்கிறது. 2018 அக்டோபரில் ரஷ்யாவோடு எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணை ஒப்பந்தம் போட்டபோது ஒரு டாலர் 74 ரூபாய்க்கு அருகில் இருந்தது. 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. எந்த ஒப்பந்தமாக இருந்தாலும் 100 கோடி டாலர் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விலையில் 7,400 கோடி, புதிய விலையில் 9,000 கோடி. ஒரு திருகு ஆணி கூட அதிகம் வரவில்லை, செலவு 1,600 கோடி கூடிவிட்டது. பட்ஜெட் ரூபாயில் போடப்படுகிறது, வெளிநாட்டு பில் வெளிநாட்டு நாணயத்தில் வருகிறது. மூலதனக் கொள்முதலில் முக்கால் பங்கை, அதாவது 2025-26-ல் 1,11,544 கோடியை, உள்நாட்டு நிறுவனங்களுக்கு ஒதுக்கிவைத்ததற்குப் பெருமிதத்தைத் தாண்டி இந்தக் காரணமும் உண்டு. ஆனால் உள்நாட்டில் செய்யும் பொருளுக்குள்ளும் இறக்குமதி ஒளிந்திருக்கிறது. தேஜஸின் இன்ஜின் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்துடையது.

தேஜஸ் பேச்சு வந்ததால் அதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பணம் இருந்தும் பொருள் வராமல் போவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆனது. 2024 மார்ச்சிலிருந்து விமானங்கள் வரத் தொடங்க வேண்டும். அதற்கான 99 இன்ஜின்களில் முதலாவது அமெரிக்காவிலிருந்து வந்ததே 2025 மார்ச்சில்தான். இதற்கிடையில் 2025 செப்டம்பர் 26-ல் கடைசி மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்தார்கள். விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டவை 42 ஸ்குவாட்ரன்கள், அதாவது போர் விமான அணிகள். மிக்-21 போன பிறகு இருப்பவை 29. நீங்கள் படித்த ‘விமானம் போதவில்லை’ செய்தி இதுதான். இன்ஜின் வராவிட்டால் விமானம் முடியாது, விமானம் முடியாவிட்டால் அந்தத் தவணையைக் கொடுக்க முடியாது. கொடுக்காத தவணை மார்ச் 31-க்குள் வேறு எதற்காவது திருப்பப்பட வேண்டும், இல்லையென்றால் நிதியமைச்சகத்துக்குப் போய்விடும். 2024-25 பட்ஜெட்டில் பாதுகாப்பு மூலதனத்துக்கு 1,72,000 கோடி போட்டிருந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் வந்த திருத்திய மதிப்பீட்டில் அது 1,59,500 கோடியாக இறங்கியிருந்தது. பணம் போதாது என்று நாம் கத்திக்கொண்டிருந்த அதே வருடத்தில் 12,500 கோடி குறைந்திருக்கிறது. எனக்கு மிகவும் வலிக்கும் எண் இது.

ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முந்தைய கட்டமும் மெதுவாகத்தான் நகரும். தேவை இருக்கிறது என்று ஏற்றுக்கொள்வது, விலைப்புள்ளி கேட்பது, சோதனை ஓட்டம், விலைப் பேச்சு, நிதி ஒப்புதல், பெரிய தொகை என்றால் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு என்று படிப்படியாக ஏற வேண்டும். 126 போர் விமானங்கள் வாங்க 2007-ல் விலைப்புள்ளி கேட்டார்கள். 2012-ல் ரஃபேல் தேர்வானது. விலைப் பேச்சிலேயே வருடங்கள் ஓடி, 2015-ல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். கடைசியில் 2016 செப்டம்பரில் 36 விமானங்களுக்கு மட்டும் கையெழுத்தானது. அந்த ஒன்பது வருடத்தில் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தது என்று பிரித்துப் பழி போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. இரண்டு தரப்பும் இருந்தன, இரண்டு தரப்பிலும் கோப்பு ஒரே வேகத்தில்தான் நகர்ந்தது.

பெரிய விமானங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உதிரி பாகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வருவாய்ச் செலவில் சம்பளம் போக மிஞ்சும் சுமார் 1.14 லட்சம் கோடியில்தான் எரிபொருள், ரேஷன், வெடிமருந்து, பழுதுபார்ப்பு, உதிரி பாகம் எல்லாம் அடங்கும். நெருக்கடி வந்தால் சம்பளத்தில் கை வைக்க முடியாது, எரிபொருளில் ஓரளவுக்கு மேல் முடியாது. கடைசியில் தள்ளிப்போவது உதிரி பாக ஆர்டர்தான். இருக்கும் வாகனம் ஓடாமல் நிற்பது செய்தியாக வருவதில்லை, ஆனால் படையின் பலம் அதிலும் குறைகிறது.

இதன் கடைசிக் கண்ணியில் ஒரு சின்னப் பட்டறை இருக்கும். என் மேசைக்கு வரும் பில்களில் ஒரு வகையைச் சொல்கிறேன். கோயம்புத்தூர் பக்கம் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை, கவச வாகனத்துக்கு ஒரு சின்ன உலோக பாகம் செய்து அனுப்பியிருக்கும். பில்லோடு சப்ளை ஆர்டர் நகல், ஆய்வுச் சான்று, பொருளைப் பெற்றுக்கொண்ட யூனிட்டின் வரவுச் சீட்டு எல்லாம் இணைந்திருக்க வேண்டும். பொருள் பன்னிரண்டு நாள் தாமதமாகப் போயிருக்கும். அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொண்டு தேதியை நீட்டித்த கடிதம் இருக்காது. அது இல்லாமல் தாமத அபராதம் பிடிப்பதா, விடுவதா என்று நாங்கள் முடிவு செய்ய முடியாது. மார்ச் மூன்றாவது வாரத்தில் அந்த பில் குறிப்போடு திரும்பிப் போகும். கடிதம் வாங்கி மறுபடி வரும்போது ஏப்ரல் ஆகியிருக்கும். பழைய வருடத்து ஒதுக்கீடு காலாவதி, புது ஒதுக்கீடு கீழே வந்து சேர வேண்டும். அதுவரை அந்தப் பட்டறைக்காரர் வங்கியில் எடுத்த ஓவர்டிராஃப்டுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பில்லை வைத்து உடனே பணம் பெற டிரெட்ஸ் என்ற மின்தளம் ரிசர்வ் வங்கி மேற்பார்வையில் இயங்குகிறது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் வாங்குபவர் ‘பில் சரி’ என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் டிரெட்ஸில் பணம் கிடைக்கும். ஒப்புக்கொள்வதில்தானே வண்டி நிற்கிறது! சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்களை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-ல் தொடங்கப்பட்டது. அது ஜெயிக்குமா என்பதை நிலமும் மானியமும் முடிவு செய்வதைவிட, இந்த மாதிரி பில்கள் எத்தனை நாளில் பாஸாகின்றன என்பது அதிகம் முடிவு செய்யும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, பென்ஷனுக்கு வருவோம், இதில்தான் குழப்பம் அதிகம். சுமார் 34 லட்சம் பேர் பாதுகாப்புப் பென்ஷன் வாங்குகிறார்கள். அவர்களில் சீருடை போடாத பாதுகாப்புத் துறை சிவில் ஊழியர்களும் உண்டு. ஒரு ஜவான் பதினைந்து, பதினேழு வருடச் சேவைக்குப் பிறகு முப்பதுகளின் நடுவில் வெளியே வருகிறார், பிறகு நாற்பது வருடம் பென்ஷன் வாங்குகிறார். 2004 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்த மத்திய அரசு சிவில் ஊழியர்களைப் புதிய பென்ஷன் திட்டத்துக்கு மாற்றியபோது ராணுவத்தை அதில் சேர்க்கவில்லை. அது சரியான முடிவுதான். 2015-ல் ‘ஒரு பதவி ஒரு பென்ஷன்’ வந்தது, அதாவது ஒரே பதவியில் ஒரே அளவு சேவை செய்தவர்களுக்கு எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பென்ஷன்; ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தம் என்றார்கள். 2019 ஜூலை முதல் அமலான திருத்தத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 8,450 கோடி கூடுதல் செலவு, நிலுவைத் தொகை 23,638 கோடி. அப்புறம் எட்டாவது ஊதியக் குழு அமைந்திருக்கிறது. அதன் பரிந்துரை அமலானால் சம்பளம், பென்ஷன் இரண்டும் ஒன்றாக ஏறும்.

அக்னிபத் திட்டம் இந்தச் சுமையைக் குறைத்துவிட்டது என்று ஒரு தரப்பும், படையைக் கெடுத்துவிட்டது என்று இன்னொரு தரப்பும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட திட்டம் இது. நான்கு வருடச் சேவை, கால் பங்குப் பேருக்குத்தான் நிரந்தரப் பணி, மற்றவர்கள் ‘சேவா நிதி’ என்ற பெயரில் சுமார் 11.71 லட்சம் ரூபாய் மொத்தத் தொகையோடு வெளியேறுவார்கள், பென்ஷன் கிடையாது. கணக்குப்படி உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 2022-ல் பழைய முறையில் ஒருவர் சேர்ந்திருந்தால் அவருடைய பென்ஷன் 2037-க்குப் பிறகுதான் தொடங்கியிருக்கும். ஆகவே அக்னிபத்தால் வரும் பென்ஷன் மிச்சமும் அப்போதுதான் தொடங்கும். 2025-26-ன் 1.6 லட்சம் கோடியில் ஒரு பைசாவும் இதனால் குறையவில்லை. இன்னும் பத்து வருடத்துக்குப் பென்ஷன் பில் ஏறத்தான் செய்யும். நான்கு வருடத்தில் வீரரை அனுப்பிவிடுவது படையின் திறமையை என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. முதல் அணி நான்கு வருடத்தை முடிப்பதே 2026 கடைசியில்தான். அனுபவமுள்ள தளபதிகளே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். கணக்குப் புத்தகத்தை வைத்து அதற்குத் தீர்ப்பு சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை.

இப்போது 3 சதவீதம். 2025-26 பட்ஜெட் எடுத்துக்கொண்ட ஜிடிபி சுமார் 357 லட்சம் கோடி. 6.81 லட்சம் கோடி அதில் 1.9 சதவீதம். 3 சதவீதம் என்றால் 10.7 லட்சம் கோடி, அதாவது வருடத்துக்கு இன்னும் 3.9 லட்சம் கோடி வேண்டும். அதே பட்ஜெட்டில் தனிநபர் வருமான வரியாக எதிர்பார்த்தது மொத்தம் 14.38 லட்சம் கோடி, உணவு மானியம் சுமார் 2 லட்சம் கோடி. வருமான வரியைக் கால் பங்குக்கு மேல் ஏற்ற வேண்டும், அல்லது உணவு மானியம் போல இரண்டை மூட வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும். கடன் என்றால் ஜிடிபியில் 4.4 சதவீதமாகக் காட்டிய நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி நிரப்பும் பள்ளம், 5.5-க்குப் போகும். ஏற்கெனவே 50.65 லட்சம் கோடி மொத்தச் செலவில் 12.76 லட்சம் கோடி வட்டிக்கே போகிறது. பாதுகாப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! இந்த வட்டியை எண்ணிப் பார்க்காமல் சதவீதம் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சதவீதமே ஒரு நல்ல அளவுகோலா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. சிலர் பென்ஷனைக் கழித்துவிட்டுக் கணக்கிடுகிறார்கள், சிலர் உள்துறையின் கீழ் வரும் எல்லைப் பாதுகாப்புப் படையையும் கூட்டுகிறார்கள். யார் எதைச் சேர்த்தார்கள் என்று பார்க்காமல் இரண்டு எண்களை ஒப்பிட முடியாது. சீனா 2025-க்கு அறிவித்த பட்ஜெட் சுமார் 1.78 லட்சம் கோடி யுவான். அவர்கள் ஜிடிபியில் அது ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே. ஆனாலும் டாலரில் நம்முடையதைப் போல மூன்று மடங்கு. வெளியே சொல்லாத செலவும் சேர்த்தால் உண்மைத் தொகை கூடும் என்று சர்வதேச ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, ஆனால் திசை தெளிவு. பொருளாதாரம் பெரிதாக இருந்ததால் குறைந்த சதவீதமே அவர்களுக்குப் பெரிய பணமாக இருக்கிறது. அந்த வகையில் தொழில் வளர்ச்சி பாதுகாப்புக் கொள்கையிலேயே ஒரு பகுதி.

பத்திரம் பற்றிய உங்கள் யோசனையில் இருக்கும் நல்ல மனசை மதிக்கிறேன். இது நாட்டில் நடந்தும் இருக்கிறது. 1962 போருக்குப் பிறகு தங்கப் பத்திரம், 1963-ல் கட்டாயச் சேமிப்புத் திட்டம், 1965-ல் தேசிய பாதுகாப்புத் தங்கப் பத்திரம் என்று வரிசையாக வந்தன. அன்றைக்கு நாட்டுக்கு அந்நியச் செலாவணி வறட்சி, அதனால் வீட்டில் கிடந்த தங்கத்தை வெளியே கொண்டுவரப் பார்த்தார்கள். இன்றைக்கு ரிசர்வ் வங்கியிடம் 60,000 கோடி டாலருக்கு மேல் கையிருப்பு இருக்கிறது, நிலைமை வேறு. இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் எல்ஐசி பிரீமியம், பிஎஃப் பணம், வங்கி டெபாசிட் இவற்றில் ஒரு பெரும் பங்கு ஏற்கெனவே அரசுப் பத்திரத்தில்தான் இருக்கிறது. வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் 18 சதவீதத்தை அரசுப் பத்திரம் போன்ற சொத்துகளில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் டெபாசிட்டை உடைத்துப் பாதுகாப்புப் பத்திரம் வாங்கினால் பணம் ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு (கடனைக் கழித்தது) 2022-23-ல் ஜிடிபியில் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. மத்திய அரசும் மாநிலங்களும் தனியார் தொழில்களும் அந்த ஒரே குளத்தில்தான் குடம் போடுகின்றன.

சிறப்புப் பத்திரம் என்று பெயர் வைத்தால் மலிவாகக் கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை. தங்க விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும் அண்மைக்காலத் தங்கப் பத்திரத் திட்டத்தையே பாருங்கள். 2015 நவம்பரில் முதல் தவணை, கிராமுக்கு 2,684 ரூபாய். 2023 நவம்பரில் முதிர்வின்போது அரசு கிராமுக்கு 6,132 ரூபாய் கொடுத்தது, வருடா வருடம் கொடுத்த வட்டி தனி. வாங்கியவர்களுக்கு நல்ல லாபம், அரசுக்கு விலை உயர்ந்த கடன். 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதுத் தவணை வரவில்லை. பாதுகாப்புப் பத்திரத்துக்குச் சந்தையைவிடக் குறைந்த வட்டி கொடுத்தால் உணர்ச்சிவசத்தில் ஒருமுறை வாங்குவார்கள், மறுமுறை வாங்குவார்களா என்று தெரியாது. அதிக வட்டியோ வரிச் சலுகையோ கொடுத்தால், சாதாரண ஏலத்தில் கிடைக்கும் கடனைவிடச் செலவு கூடிவிடும்.

காலாவதியாகாத தனி நிதி ஒன்றை ஏன் வைக்கக்கூடாது என்று அடுத்துக் கேட்பீர்கள். 2004 இடைக்கால பட்ஜெட்டிலேயே 25,000 கோடியில் அப்படி ஒன்று அறிவிக்கப்பட்டது, நடக்கவில்லை. என்.கே. சிங் தலைமையிலான 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு 2,38,354 கோடியில் பாதுகாப்பு, உள்நாட்டுப் பாதுகாப்பு நவீனமயமாக்கல் நிதியைப் பரிந்துரைத்தது. உபரி ராணுவ நிலத்தை விற்பது, பாதுகாப்புப் பொதுத்துறைப் பங்குகளை விற்பது போன்ற வழிகளையும் காட்டியது. கொள்கை அளவில் அரசு ஏற்றுக்கொண்டதோடு சரி. இந்த இடத்தில் என் கருத்து நண்பர்கள் பலரோடு மாறுபடும். பற்றாக்குறையில் ஓடும் அரசுக்கு, செலவாகாத 12,500 கோடி என்பது பெட்டியில் கிடக்கும் பணம் கிடையாது, வாங்காமல் விட்ட கடன் அவ்வளவே. அதைத் தனி நிதியில் போட்டால், இன்றைக்கே கடன் வாங்கி வட்டி கட்டிக்கொண்டு சும்மா வைத்திருப்பதாக ஆகும். இதைவிட, ஐந்து அல்லது ஏழு வருடத்துக்கு மூலதனம் எவ்வளவு வரும் என்று நாடாளுமன்றத்தில் முன்கூட்டியே ஒரு உறுதி கொடுப்பது உருப்படியான வழி. பிரான்ஸ் 2024 முதல் 2030 வரைக்கும் 41,300 கோடி யூரோ என்று சட்டமே போட்டிருக்கிறது. நம் அரசியலமைப்பில் வருடாந்தர ஒப்புதல் கட்டாயம் என்பதால் அப்படியே செய்ய முடியாது. ஆனால் வருடா வருடம் புதுப்பிக்கும் ஒரு ஐந்தாண்டுத் தொகையை அரசு பகிரங்கமாக அறிவித்து, அதிலிருந்து இறங்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்று வைக்கலாம். அதற்குச் சட்டத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. கோவைப் பட்டறைக்காரர் புது மெஷின் வாங்க வங்கியில் கடன் கேட்கும்போது காட்டுவதற்கு அவருக்கு அப்படி ஒரு காகிதம்தான் தேவை.

தனிப்பட்ட முறையில் ஏதாவது செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், 1962-லிருந்து தேசிய பாதுகாப்பு நிதி இயங்குகிறது. அது ஆயுதம் வாங்குவதற்கு இல்லை, படையினர் மற்றும் அவர்கள் குடும்பங்களின் நலனுக்கு. அரசுப் பத்திரம்தான் வேண்டும் என்றால் 2021 நவம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் கணக்கு வழியாக நீங்களே நேரடியாக வாங்கலாம். நாட்டுக்குக் கடன் கொடுத்தது போலவும் ஆகும், சந்தை வட்டியும் கிடைக்கும். அடுத்த பட்ஜெட் வரும்போது மொத்தத் தொகையையும் சதவீதத்தையும் விட்டுவிட்டு, பாதுகாப்பு மூலதனத் தலைப்பில் போன வருட ஒதுக்கீட்டுக்கும் அதன் திருத்திய மதிப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடிப் பாருங்கள். அது குறைந்திருந்தால் எந்த ஒப்பந்தத்தில் பொருள் வரவில்லை என்று உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேளுங்கள். பாதுகாப்பு நிலைக்குழுவின் அறிக்கைகள் நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லோரும் படிக்கும்படி இருக்கின்றன, அந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அவற்றில் கிடைக்கும்.